குகைக்கு வேல் கொடுத்த குமாஸ்தா

கோலாலம்பூர் தம்புசாமிப் பிள்ளையின் வாழ்வும் பணியும்

ஸ்கெலட்டன் (கோலார் தங்கவயல்):

தைப்பூசம் வந்தால் தமிழ்ப் பத்திரிகைகளில் தவறாமல் இடம்பெறும் படம் ஒன்று உண்டு. பொன்னிறத்தில் ஓங்கி நிற்கும் முருகன். அவர் பக்கத்தில் மலைமேல் ஏறும் படிக்கட்டு. படிக்கட்டு நிறையக் காவடிகள். மலேசிய நாட்டின் தலைநகரான கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துமலைதான் அது.

சிலையின் உயரம் 42.7 மீட்டர். 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது. படிகள் 272. இவையெல்லாம் பலருக்குத் தெரிந்த செய்திகள். ஆனால் அந்தக் குகையில் முதன்முதலாக வேல் ஊன்றியவர் யார் என்று கேட்டால், பதில் சொல்பவர்கள் குறைவு.

அவர் துறவி அல்லர், மடாதிபதியும் அல்லர். அரசாங்கக் கஜானாவில் கணக்கு எழுதிய ஒரு தமிழ்க் குமாஸ்தா. பிற்காலத்தில் சுரங்க முதலாளி. குதிரைகளிலும் திறந்தவெளிப் பொழுதுபோக்குகளிலும் விருப்பமுள்ள குடும்பஸ்தர். அவர் பெயர் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை.

தங்கவயல் மக்கள் அவரைத் தெரிந்துகொள்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இங்கே பொன், அங்கே ஈயம். இரண்டு இடங்களிலும் மண்ணைத் தோண்டியே ஊர் உண்டாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் தமிழர்கள் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய ஒரே காலம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து ஒரு கூட்டம் ரயிலேறி மாரிக்குப்பம் வந்தது. தஞ்சை, திருச்சி, நாகைப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் கப்பலேறிப் பினாங்கு போயிற்று.

சிங்கப்பூரில் பிறப்பு

தம்புசாமிப் பிள்ளை 1850-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். அவர் பெயரின் முன்னால் நிற்கும் காயாரோகணம் என்பது நாகப்பட்டினத்தில் உள்ள புகழ்பெற்ற சிவன் கோயிலின் பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் ஊரை விட்டாலும், ஊர்ச் சாமியின் பெயரை விடவில்லை என்பதற்கு இத்தகைய பெயர்களே சான்று.

சிங்கப்பூர் அப்போது இந்தியாவோடு சேர்ந்த ஆட்சியில் இருந்தது. கல்கத்தாவிலிருந்தே அதற்கு உத்தரவு போகும். 1867-ஆம் ஆண்டில்தான் அது இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து, இங்கிலாந்து அரசின் நேரடிப் பார்வைக்குச் சென்றது. அத்தகைய காலத்தில் அங்குள்ள ராபிள்ஸ் பள்ளியில் தம்புசாமி ஆங்கிலம் படித்தார்.

அன்று ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருந்தது. அது ஆபீஸ் கதவு. ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வெள்ளைக்கார வக்கீலின் அலுவலகத்தில் தம்புசாமி குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தெளிவான கையெழுத்து, தப்பில்லாத கணக்கு, வேளை தவறாத வருகை. குமாஸ்தாவின் மூலதனம் எந்த ஊரிலும் இவைதாமே!

1875-ஆம் ஆண்டு அந்த வக்கீலுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது. மலாய் நாட்டுச் சிலாங்கூர் சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் ரெசிடெண்டாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரை நியமித்தது. புறப்பட்ட டேவிட்சன் தம் குமாஸ்தாவையும் உடன் அழைத்துக்கொண்டார். தம்புசாமிக்கு அப்போது வயது 25.

அதே 1875-இல்தான் இங்கே கோலார் சீமையில் லவல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசாங்கத்திடம் தங்கம் தோண்டும் உரிமை பெற்றார். முட்புதரும் பாறையுமாகக் கிடந்த இடத்தில் தங்கவயல் பிறப்பதற்கான முதல் கையெழுத்து அது.

கஜானாவில் உத்தியோகம்

சிலாங்கூர் அப்போது சண்டையில் சிதைந்து கிடந்த நாடு. மலாய்த் தலைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஈய வருமானத்துக்காக 1867 முதல் பல ஆண்டுகள் போரிட்டு ஓய்ந்திருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் சீனச் சுரங்கக் கூட்டங்கள் ஆயுதம் தாங்கி நின்றன. கோலாலம்பூர் எரிந்து போய், யாப் ஆ லோய் என்ற சீனத் தலைவர் அதை மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். அது நகரம் அல்ல. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஓலைக் கூரைகள் நிறைந்த சுரங்கச் சந்தை.

இந்த நாட்டின் கஜானாவில் தம்புசாமிப் பிள்ளை தலைமைக் குமாஸ்தா ஆனார். வரவு செலவு முழுவதும் அவர் கையால் நடந்தது. கஜானா அதிகாரி இல்லாத சமயங்களில் அந்தப் பதவியின் பொறுப்பையும் பலமுறை ஏற்று நடத்தினார். வெள்ளையர் மட்டுமே உட்காரும் நாற்காலியில், தற்காலிகமாகவேனும் ஒரு தமிழர் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல.

1880-இல் அரசாங்க அலுவலகங்கள் கிள்ளான் ஊரிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டன. மறு ஆண்டே நகரம் ஒரு பெரும் தீயையும் ஒரு பெரும் வெள்ளத்தையும் கண்டது. ஓலை போய்ச் செங்கல் வந்தது. சாலைகள் வந்தன. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கமாக ரயில் ஓடத் தொடங்கியது.

இந்த ரயில் பாதைக்கும் சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. அரசாங்கம் தம்புசாமிப் பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பித் தொழிலாளரைத் திரட்டி வரச் செய்தது. ரயில்வேக்கும் மராமத்து இலாகாவுக்கும் அப்படி வந்த தமிழர்கள் காடு வெட்டினார்கள், மண் சுமந்தார்கள், தண்டவாளம் பதித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை பெறாது. ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் வாழ்வு சுகமானதல்ல. கப்பல் கூலியும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏறின. கடன் தீரும்வரை முதலாளியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் தண்டனை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பலரைக் கொண்டு போயின. 1910-இல்தான் மலாயாவில் இந்த ஒப்பந்தக் கூலி முறை நீக்கப்பட்டது. அதற்குப் பின்னும் கங்காணி முறையில் ஆள் திரட்டல் நீடித்தது.

அந்தக் கூலிகளை அழைத்து வந்த கைகளில் தம்புசாமிப் பிள்ளையின் கையும் ஒன்று. தங்கவயலில் மேஸ்திரியையும் காண்டிராக்டரையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நிலை புரியும். ஊருக்குப் போய் ஆள் பிடித்து வந்தவரும் அவரே. வந்த இடத்தில் பண்டிகைக்கு முன்னால் நின்றவரும் அவரே. ஒருவரை முழுக்க நல்லவர் என்றோ, முழுக்கக் கெட்டவர் என்றோ சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மை பெரும்பாலும் நடுவில் இருக்கும்.

ஈயமும் தண்ணீரும்

அரசாங்க உத்தியோகத்தை விட்ட பிறகு தம்புசாமிப் பிள்ளை முழுநேர வணிகர் ஆனார். சிலாங்கூரின் செல்வம் ஈயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்கிறோமே, அதே வெள்ளீயம்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவைத் தகர டப்பாக்களில் அடைத்து விற்கும் தொழில் பெருகியதும் அதற்கு நல்ல விலை வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்துக்கு வேண்டிய ஈயத்தில் பாதிக்கு மேல் மலாய் நாட்டிலிருந்தே போயிற்று.

தங்கவயலின் சுரங்கம் ஆழச் சுரங்கம். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை மனிதன் இறங்கினான். ஈயச் சுரங்கம் அப்படிப்பட்டதல்ல. மேல்மண்ணை அகற்றினால் கீழே மணலோடு கலந்து தாது கிடக்கும். ஆகவே ஷாப்டும் கூண்டும் அங்கே இல்லை; வானம் பார்த்த பெரும் பள்ளமே சுரங்கம்.

அந்தப் பள்ளத்தின் எதிரி தண்ணீர். மழை ஓயாத நாடு. தோண்டத் தோண்ட ஊற்று கிளம்பும். தண்ணீரை இறைத்தவன் ஈயம் எடுத்தான். இறைக்க முடியாதவன் பள்ளத்தை மூழ்கவிட்டுப் போனான். சீனத் தொழிலாளர் மரச்சக்கர இறைவைகளை வைத்து மல்லாடினார்கள். பிறகு நீராவிப் பம்புகள் வந்தன.

இந்த இடத்தில் தம்புசாமிப் பிள்ளை ஒரு புதுமை செய்தார். லோக் யூ என்ற சீனத் தொழிலதிபரோடு கூட்டுச் சேர்ந்து, கோலாலம்பூருக்கு வடக்கே ராவாங் என்ற ஊரில் ஈயச் சுரங்கம் நடத்தி வந்தார். லோக் யூ 13 வயதில் சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து கடைப் பையனாக வேலை பார்த்தவர். ஒருவர் குமாஸ்தா, ஒருவர் கடைப் பையன். இரண்டு பேரும் அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள். 1894-இல் இந்தக் கூட்டாளிகள் தங்கள் சுரங்கத்தில் ஜெனரேட்டர் வைத்து, மின்சாரத்தால் பம்புகளை ஓட்டினார்கள். மலாய் நாட்டில் மின்சாரம் நுழைந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

கோலாலம்பூர் வீதிகளுக்கே மின்விளக்கு வராத காலம் அது. அரசாங்கம் செய்யாததை இரண்டு வியாபாரிகள் சொந்தப் பணத்தில் செய்து காட்டினார்கள். நம் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 92 மைல் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது 1902-இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மலாய்க் காட்டுக்குள் ஒரு தமிழரும் ஒரு சீனரும் மின்சாரத்தைச் சுரங்க வேலைக்குப் பழக்கிவிட்டார்கள்!

வெட்டவெளியில் விருப்பம்

பணம் வந்ததும் மாளிகைக்குள் முடங்கிவிடும் சுபாவம் தம்புசாமிப் பிள்ளைக்கு இல்லை. குதிரைகள் மீதும் பந்தயத்தின் மீதும் அவருக்கு மிகுந்த விருப்பம். 1884-இல் கோலாலம்பூரில் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் ஆரம்ப கால உறுப்பினர்களில் அவரும் ஒருவர். கிளப் என்றால் வெள்ளைக்காரனுக்கு மட்டும் என்றிருந்த காலத்தில் அது பெரிய விதிவிலக்கு. பத்து ரோடு பகுதியில் இருந்த அவர் வீடு விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றது. எல்லா இனத்தாரும் அவருக்கு நண்பர்கள்.

சுரங்கத் தொழிலும் அன்று நாற்காலித் தொழில் அல்ல. கோலாலம்பூருக்கும் ராவாங்குக்கும் இடையே காடு, சேறு, ஆறு, சுண்ணாம்புக் குன்றுகள். அவ்வழியே போய் வருகிறவன் காட்டையும் மலையையும் தெரிந்தே தீரவேண்டும்.

அந்தக் குன்றுகளில் ஒன்றுதான் பத்துமலை. பெயரைக் கேட்டுப் பத்து மலைகளோ என்று எண்ணுவோர் பலர். மலாய் மொழியில் பத்து என்றால் கல். மலையருகே ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். தமிழர் அந்த மலாய்ச் சொல்லோடு தங்கள் மலையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

குகைகள் பூர்வகுடிகளான தெமுவான் மக்களுக்குப் பழங்காலம் முதலே தெரியும். வேட்டைக்குப் போகும்போது அங்கே ஒதுங்குவார்கள். பிறகு சீனத் தோட்டக்காரர்கள் வந்து, காய்கறிக்கு எருவாக வௌவால் எச்சத்தை அள்ளிச் சென்றார்கள். 1878-இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் ஹார்னடே அங்கு போய்வந்து எழுதியதும் வெளியுலகமும் அறிந்துகொண்டது. வேட்டைக்காரனுக்கு நிழல், தோட்டக்காரனுக்கு எரு, ஆராய்ச்சியாளனுக்கு வியப்பு என்று ஒவ்வொருவர் கண்ணுக்கும் குகை ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

தம்புசாமிப் பிள்ளையின் கண்ணுக்கு அதன் வாயில் வேல் வடிவமாகத் தெரிந்தது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அகன்று தொடங்கி மேலே கூர்மையாக முடியும் குகை வாயைக் கண்டதும், இது முருகன் இருக்கும் இடம் என்று அவருக்குத் தோன்றியதாம். 1891-இல் அங்கே வேல் வைத்து வழிபாட்டைத் தொடங்கினார். 1892 முதல் தைப்பூசம் அங்கே கொண்டாடப்பட்டு வருகிறது.

கோயில் கட்டச் சிற்பி வேண்டும், கல் வேண்டும், கோபுரம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பணம் வேண்டும். இங்கோ கூரை இயற்கையே போட்டு வைத்த கூரை. உயரம் சுமார் 100 மீட்டர். சுவரும் கருவறையும் அதே பாறை. குறிஞ்சி நிலத்துக் கடவுளுக்கு மலையும் தயாராக இருந்தது. குறை என்னவென்றால், அங்கே ஒரு வேல் இல்லை. அந்தக் குறையைத்தான் அவர் தீர்த்தார்.

மாரியம்மன் கோயில்

பத்துமலைக்கு முன்பே அவர் ஈடுபட்ட திருப்பணி கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். 1870-களில் எளிய வழிபாட்டு இடமாகத் தோன்றிய அக்கோயில், 1885-இல் இன்று இருக்கும் வீதிக்கு மாற்றப்பட்டது. சீனக் கடைகள் நெருங்கிய அந்தத் தெருவில் இன்று ஐந்து நிலை ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1968-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

மாரியம்மன் என்ற தெய்வத்தைத் தேர்ந்ததிலும் பொருள் இருக்கிறது. கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். காய்ச்சலும் அம்மையும் நித்தியம் மிரட்டும் ஊரில் அவர்கள் முதலில் கூப்பிடும் பெயர் மாரியாத்தாள் பெயர்தான். தங்கவயலில் தட்டி வீடுகள் எழுந்தபோதும் லைனுக்கு லைன் முதலில் வந்த சாமிகளில் அவளும் ஒருத்தி அல்லவா?

தைப்பூசத்தையொட்டி இரவில் இந்த மாரியம்மன் கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் புறப்படுகிறார். பக்தர்கள் இரவெல்லாம் கூடவே நடக்கிறார்கள். பொழுது விடிந்த பிறகு ரதம் பத்துமலை அடிவாரத்தை அடைகிறது. நகரக் கோயிலையும் காட்டுக் குகையையும் இணைக்கும் அந்தப் பாதை ஒரு வகையில் தம்புசாமிப் பிள்ளையின் வாழ்க்கைப் பாதையே. நகரத்தில் ஆபீஸ்; காட்டில் சுரங்கம்; இடையே நடை.

தோட்டத்துத் தமிழனுக்கு அந்த ஒருநாள் என்ன செய்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆண்டு முழுவதும் அவனுக்குப் பெயர் இல்லை. பேர்ப்பட்டியலில் ஒரு நம்பர். தைப்பூசத்தன்று அவன் காவடி தூக்கிய பக்தன். சிதறிக் கிடந்த தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே மலையடிவாரத்தில் சந்தித்தார்கள். ஊர்க்காரரைக் கண்டார்கள், சம்பந்தம் பேசினார்கள், செத்தவர் செய்தி கேட்டு அழுதார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துச் சென்றவர்கள் இதை விளக்கம் இல்லாமலே அறிவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் பங்கு

பக்தி ஒரு பக்கம் இருக்க, கல்வியையும் அவர் மறக்கவில்லை. கோலாலம்பூரின் புகழ்பெற்ற விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கு 1893-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1894-இல் பள்ளி திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டிச் சேர்ந்த நிதி அதற்குப் பயன்பட்டது. சீனப் பிரமுகர்களான யாப் குவான் செங், லோக் யூ ஆகியோரோடு தம்புசாமிப் பிள்ளையும் அதை நிறுவியவர்களில் ஒருவர். அதன் தர்மகர்த்தாக்களில் ஒருவர்.

எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலக் கல்வி தரும் பள்ளியாக அது வளர்ந்தது. விளையாட்டுப் போட்டிக்காக மாணவர்களை இல்லங்களாகப் பிரிப்பது அங்கே வழக்கம். அவற்றுள் ஒன்றுக்குத் தம்புசாமி இல்லம் என்றே பெயர். மைதானத்தை விரும்பிய மனிதரின் பெயரை மைதானத்தில் ஓடும் பையன்கள் சுமப்பது பொருத்தமே.

ஆங்கிலம் கற்றதால் குமாஸ்தா ஆனவர் அவர். குமாஸ்தா ஆனதால் கஜானாவை அறிந்தார். கஜானாவை அறிந்ததால் ஈய வியாபாரத்தின் நெளிவு சுளிவு தெரிந்தது. தாம் ஏறிவந்த ஏணியை அவர் எடுத்துப் போட்டுவிடவில்லை. அடுத்தவன் ஏறுவதற்கு அதை நிறுத்தியே வைத்தார்.

52 வயதில் முடிவு

தம்புசாமிப் பிள்ளை 1902-ஆம் ஆண்டு காலமானார். வயது சுமார் 52. அன்று சிலாங்கூர்த் தமிழரில் பெரும் செல்வரும் தலைவரும் அவரே என்று மதிக்கப்பட்டிருந்தார். பத்துமலையில் காவடி ஏறத் தொடங்கிப் பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. மரப்படிகளைக்கூட அவர் பார்க்கவில்லை; அவை 1920-இல்தான் அமைந்தன. அவர் காலத்துப் பக்தர்கள் செங்குத்தான மலையில் கல்லையும் வேரையும் பிடித்து ஏறினார்கள்.

அவருக்குப் பின் மாரியம்மன் கோயில் அவர் குடும்பத்தாரின் பொறுப்பில் சில காலம் இருந்தது. குடும்பக் கோயில் என்ற நிலை 1920-களின் இறுதியில் மாறியது. கதவு பொதுமக்களுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டு, பிறகு நிர்வாகம் தர்மகர்த்தாக்கள் குழுவிடம் சென்றது. பத்துமலைக் கோயிலும் இன்று அதே தேவஸ்தானத்தின் கீழ் நடந்து வருகிறது.

ஒரு குடும்பம் தன் முன்னோர் ஏற்படுத்திய கோயிலை ஊருக்குக் கொடுப்பது எளிதல்ல. எத்தனையோ ஊர்களில் இதற்காகவே அண்ணன் தம்பிகள் கோர்ட்டு ஏறியிருக்கிறார்கள். சொத்தாக நினைத்தால் கோயில் சுருங்கும். பொதுவாக விட்டால் வளரும். கோலாலம்பூரில் அது வளர்ந்தது.

ஈயம் போயிற்று, வேல் நின்றது

அவருக்குச் செல்வம் தந்த ஈயத் தொழில் என்ன ஆயிற்று? 1985-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்து விழுந்தது. மலேசியாவில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்கள் பல இன்று ஏரிகளாகக் கிடக்கின்றன. எந்தத் தண்ணீரை இறைக்க மின்சாரப் பம்பு வைத்தார்களோ, அந்தத் தண்ணீரே கடைசியில் வென்றது.

தங்கவயலிலும் கதை அதுவே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்க வேலை நின்றது. ஷிப்டுச் சங்கு ஓய்ந்தது. ஆழத்தில் தண்ணீர் ஏறிற்று. வெளியே சயனைடு மண்மேடுகள் மட்டும் நிற்கின்றன. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

ஆனால் 1891-இல் ஊன்றிய வேல் நிற்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். தமிழர் மட்டுமல்ல, சீனரும் காவடி எடுக்கிறார்கள். 2008 முதல் கோலாலம்பூர் நகரத்திலும் தைப்பூசம் பொது விடுமுறை நாள். 2010 முதல் நகரிலிருந்து பத்துமலை அடிவாரத்துக்கே மின்சார ரயில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு ஆள் திரட்டி வந்தவரின் கோயிலுக்குத் தண்டவாளமே வந்து சேர்ந்துவிட்டது.

கோலாலம்பூரில் அவர் பெயரால் ஒரு சாலையும் இருக்கிறது. சாலைக்குப் பெயர் வைத்திருக்காவிட்டாலும் அவர் மறக்கப்பட்டிருக்க மாட்டார். காரணம், செல்வத்தில் ஒரு பகுதியை அவர் பிறர் வந்துபோகும் இடங்களில் போட்டார். பூட்டி வைத்தது போய்விட்டது. திறந்து விட்டது இருக்கிறது.

பெயர் தெரியாதவர்கள்

இதில் நம் ஊருக்கு ஒரு செய்தி உண்டு. தங்கவயலில் லைனுக்கு லைன் கோயில்கள் இருக்கின்றன. மாதா கோயில்கள், மசூதிகள் இருக்கின்றன. பஜனை மடங்கள், படிப்பகங்கள், இரவுப் பள்ளிகள் நடந்த இடங்கள் இருக்கின்றன. இவற்றை யார் கட்டினார்கள்? ஒரு காண்டிராக்டர் இடம் வாங்கித் தந்திருப்பார். ஒரு மளிகைக்கடைக்காரர் ஓடு வாங்கித் தந்திருப்பார். சுரங்கத்துக்குள் இறங்கிய ஆயிரம் பேர் சம்பள நாளில் காலணா, அரையணா கொடுத்திருப்பார்கள்.

தம்புசாமிப் பிள்ளை படித்தவர், அரசாங்கத்தில் இருந்தவர், செல்வர். ஆகவே அவர் பெயர் ஏட்டில் ஏறியது. அவரோடு அந்த மலைமேல் முதல் ஆண்டு மூச்சுவாங்க ஏறிய கூலிகளின் பெயரை எவரும் எழுதவில்லை. புதர் வெட்டி வழி செய்தவன் யார், முதல் காவடி தூக்கியவன் யார் என்பதற்குச் சாசனம் இல்லை. வேல் கொடுத்தவர் ஒருவர். அதைத் திருவிழாவாக ஆக்கியவர்கள் பல்லாயிரவர்.

நம் ஊரில் அந்தக் கதி நேரக்கூடாது. சுரங்கத்தில் வேலை பார்த்த கடைசித் தலைமுறை இன்னும் லைன் வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கோயில் எந்த ஆண்டு எழுந்தது, எந்தப் பள்ளிக்கு யார் மேசை வாங்கித் தந்தார்கள் என்று கேட்டால், தாத்தாமார்கள் சொல்வார்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பெங்களூர் ரயிலில் போய்வரும் படித்த பிள்ளைகள் இந்த வேலையைச் செய்யலாம். கணக்கு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்களுக்கு நம்மிடம் பஞ்சம் இல்லையே!